வலைத்தளமும் முன்சேமிப்பும்

நோன்பு மாதத்தில் அஸர் தொழுகைக்குப் பின் பள்ளிவாசற் பக்கம் செல்வோர், பெரிய தேக்சாக்களில் கஞ்சி காய்ச்சி இறக்கப்பட்டிருப்பதைக் காண்பர். தூக்குச் சட்டியுடன் வந்து நிற்கும் சிறுவர்க்கு அகப்பையால் அள்ளி ஊற்றச் சில நொடிகளே ஆகின்றன. வருகின்ற ஒவ்வொருவருக்கும் தனித்தனியே அரிசி களைந்து, உலை வைத்து, வெந்தயமும் பூண்டும் இட்டுக் காய்ச்சித் தருவதென்று ஒரு நிர்வாகம் முடிவு செய்தால் என்னவாகும்? மஃரிபு பாங்கு ஒலித்த பின்னரும் வரிசை தெருமுனை வரை நீண்டு நிற்கும். இன்று கல்லூரிகளும் ஜமாஅத்துகளும் தமிழ் அமைப்புகளும் நடத்தி வரும் வலைத்தளங்களுள் பல இந்த இரண்டாவது முறையிலேயே இயங்குகின்றன. பக்கம் திறக்கத் தாமதமாகிறதென்று குறைப்படுவோர் பலர். அக்குறையைப் பெரும்பாலும் காசு செலவின்றியே போக்கலாம் என்பதை அறிந்தவர் சிலரே. அவ்வழியை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். கணிப்பொறித் துறையைச் சாராத தமிழாசிரியன் ஒருவன் இதனை எழுதப் புகுவது துணிச்சல்தான். ஆயினும், பட்டுத் தெளிந்தவன் என்ற முறையில் சொல்வதற்குச் சில செய்திகள் உள்ளன.

பக்கம் உருவாகும் விதம்

அச்சிட்ட நூலின் தாள்களைப் போல, எழுதி முடித்த பக்கங்கள் எங்கோ அடுக்கி வைக்கப்பட்டிருப்பதாகவே நம்மிற் பலர் எண்ணுகின்றோம். தொடக்கத்தில் உண்மையும் அதுவே. செர்ன் ஆய்வுக்கூடத்தில் 1989ஆம் ஆண்டு டிம் பெர்னர்ஸ்-லீ முன்வைத்த திட்டத்திலிருந்து வளர்ந்த உலகளாவிய வலையின் முதற் பக்கங்கள் அவ்வாறு எழுதி வைக்கப்பட்ட கோப்புகளே. இன்றைய நிலை வேறு. 2003ஆம் ஆண்டு மாட் முல்லன்வெக், மைக் லிட்டில் ஆகிய இருவரும் தொடங்கிய வேர்டுபிரஸ் என்னும் கட்டற்ற மென்பொருளைக் கொண்டே உலகின் வலைத்தளங்களில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேற்பட்டவை நடைபெறுகின்றன. நம் போன்றோர் நடத்தும் தளங்களுள்ளும் இதன் ஆட்சியே மிகுதி.

இம்மென்பொருளில் நாம் எழுதும் கட்டுரை முழுப் பக்கமாகச் சேமிக்கப்படுவதில்லை. தலைப்பும் உரையும் ஓர் அட்டவணையிலும், எழுதியவர் பெயர் மற்றோர் அட்டவணையிலும், தளத்தின் அமைப்பு விவரங்கள் வேறோர் அட்டவணையிலுமாகத் தரவுத்தளத்திற் பிரிந்து கிடக்கின்றன. ஒருவர் அப்பக்கத்தைக் கேட்கும் நொடியில், பி.எச்.பி. என்னும் நிரல்மொழியில் எழுதப்பட்ட கட்டளைகள் இயங்கத் தொடங்கித் தரவுத்தளத்திடம் பத்துக்கணக்கான வினாக்களைத் தொடுத்து, விடைகளைத் திரட்டி, வார்ப்புருவிற் பொருத்திப் பக்கமாக்கி அனுப்புகின்றன. அனுப்பியதும் அது மறக்கப்படுகிறது. அடுத்த நொடியில் வேறொருவர் அதே பக்கத்தைக் கேட்டால், அரிசி களைவதிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும்! ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாய் வாடகையில் நாம் பெறும் இடமோ, ஒரே கணினியைப் பல தளங்கள் பகிர்ந்துகொள்ளும் பொது இடம். ஒரே நேரத்தில் ஐம்பது பேர் வந்தாலே அது திணறிவிடும்.

இதனோடு தொலைவும் சேர்கிறது. கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் செல்லும். சென்னையிலிருந்து அமெரிக்காவின் கிழக்குக் கரை 13,000 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. அங்கே வைக்கப்பட்ட கணினியிடம் ஒரு வினா சென்று விடை திரும்புவதற்கு, ஒளியின் வேகத்திலேயே நொடியில் எட்டிலொரு பங்கு கழிந்துவிடும். ஒரு பக்கம் திறப்பதற்கு இத்தகைய பயணங்கள் பல தேவை: இணைப்பை ஏற்படுத்த ஒன்று, மறைகுறியாக்கத்தை உறுதி செய்ய ஒன்று, பக்கத்தைக் கேட்க ஒன்று, அதிலுள்ள படங்களையும் எழுத்துருக்களையும் கேட்க மேலும் சில. நெடும்பயணம் நேர்வழியிலும் அமைவதில்லை.

தமிழுக்கென்று தனியாக ஒரு சுமையும் உண்டு. இன்று வழக்கிலுள்ள யூ.டி.எஃப்-8 குறியாக்கத்தில் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும். தமிழின் ‘அ’வுக்கு மூன்று பைட்டுகள் வேண்டும். ‘கோ’ என்னும் ஓர் எழுத்து, ககரமும் ஓகாரக் குறியுமாக ஆறு பைட்டுகளை எடுத்துக்கொள்ளும். சுருக்கி அனுப்பும் வசதியை முடுக்கிவிட்டால் இச்சுமை பெருமளவு குறைந்துவிடும். அவ்வசதியைத் தேடிப் பார்க்காமலேயே தமிழ்த்தளங்கள் மெதுவானவை என்று கூறிவிடுகின்றோம்.

பெயர் பற்றி ஒரு சொல்

செய்ததை உடனே மறந்துவிடாமல், அடுத்து வருபவருக்குக் கொடுப்பதற்காக ஒரு படியை அருகில் வைத்துக்கொள்ளும் முறைக்கு ஆங்கிலத்தில் ‘கேச்’ என்று பெயர். மறைத்து வைத்தலைக் குறிக்கும் பிரெஞ்சு வினையடியாகப் பிறந்த சொல் அது. அதனை அடியொற்றிச் சிலர் ‘பதுக்ககம்’ என்பர். தமிழாசிரியனுக்கு இச்சொல் உவப்பாயில்லை. பதுக்கல் என்றதும் நம் நினைவுக்கு வருவது, விலையேற்றத்தை எதிர்நோக்கிப் பொருளை மக்களிடமிருந்து மறைத்து வைக்கும் வணிகக் குற்றம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்த செயல் அது. இங்கோ, விரைந்து கொடுப்பதற்காகவே பொருள் அருகில் வைக்கப்படுகிறது. ‘தேக்ககம்’ என்பாரும் உளர். ஓடாத நீரின் வாடை அதில் இருக்கிறது. அந்த வாடைக்கும் காரணம் உண்டென்பதைப் பின்னர்க் காண்போம். இக்கட்டுரையில் ‘முன்சேமிப்பு’ என்ற சொல்லே ஆளப்படுகிறது.

இக்கருத்து வலைத்தளங்களுக்கு மிகவும் முற்பட்டது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்து மோரிஸ் வில்க்ஸ் 1965ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரை ஒன்றில், பெரிய, மெதுவான நினைவகத்துக்கு முன்னே சிறிய, விரைவான நினைவகம் ஒன்றை வைக்கும் திட்டத்தை விளக்கினார். 1968ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனம் அறிவித்த சிஸ்டம்/360 வரிசையின் மாடல் 85 என்னும் கணிப்பொறியில் அம்முறை இடம்பெற்று, ‘கேச்’ என்ற பெயரும் நிலைத்தது. வலைத்தளங்கள் பெருகியபின் இதே தத்துவம் வேறு வடிவங்களை எடுத்தது. லைவ்ஜர்னல் என்னும் தளத்தின் நெரிசலைத் தாங்க 2003ஆம் ஆண்டு பிராட் ஃபிட்ஸ்பாட்ரிக் மெம்கேச்டி என்பதனை எழுதினார். நார்வே நாட்டின் வி.ஜி. நாளிதழுடைய இணையப் பதிப்புக்காக டென்மார்க் நாட்டவரான பவுல்-ஹென்னிங் காம்ப் உருவாக்கிய வார்னிஷ் 2006இல் வெளிவந்தது. இவ்விரண்டும் யாவரும் விலையின்றி எடுத்தாளுமாறு விடப்பட்டவை. நாம் இன்று ஓரிரு பொத்தான்களை அழுத்திப் பெறும் பயனுக்குப் பின்னே இத்தகையோரின் உழைப்பு இருக்கிறது.

சேமிப்பு நிகழும் மூன்று இடங்கள்

ஒரு பக்கத்தின் படி மூன்று இடங்களில் தங்கலாம். முதலாவது, தளம் குடியிருக்கும் கணினி. ஒருமுறை உருவாக்கிய பக்கத்தை அங்கேயே கோப்பாக எழுதி வைத்து, அடுத்து வருபவருக்கு அக்கோப்பையே எடுத்து நீட்டிவிடலாம். பி.எச்.பி.க்கும் தரவுத்தளத்துக்கும் அப்போது வேலையே இல்லை. இரண்டாவது, வாசகருக்கும் தளத்துக்கும் இடையே பல ஊர்களில் அமைந்த இடைநிலைக் கணினிகள். மூன்றாவது, வாசகரின் கையிலுள்ள தொலைபேசியில் இயங்கும் உலாவி.

முதல் இடம் நம் கைக்குள் உள்ளது. வேண்டாதபோது நாமே அழித்துவிடலாம். இரண்டாம் இடத்துக்கு ஆணை அனுப்பி அழிக்கச் சொல்லலாம். மூன்றாம் இடம் அவ்வாறன்று. வாசகரின் தொலைபேசிக்குள் சென்றுவிட்ட படியைத் திரும்பப் பெறும் வழி நமக்கில்லை. அனுப்பும்போதே அதன் ஆயுளைச் சொல்லி அனுப்ப வேண்டும். அதனைச் சொல்வதற்கு ‘கேச்-கண்ட்ரோல்’ என்ற தலைப்புவரி ஒன்று பக்கத்தோடு செல்கிறது. ‘மேக்ஸ்-ஏஜ்’ என்பதன் அருகில் எத்தனை நொடி என்று எழுதுகிறோமோ, அத்தனை நொடி வரை உலாவி நம்மிடம் மீண்டும் வந்து கேட்காது. ‘பிரைவேட்’ என்றால் வாசகரின் உலாவி மட்டும் வைத்துக்கொள்ளலாம். இடைநிலைக் கணினிகள் வைக்கலாகாது. ‘நோ-ஸ்டோர்’ என்றால் எவரும் எங்கும் வைக்கலாகாது. ‘நோ-கேச்’ என்பது மட்டும் மயக்கந்தரும் பெயர். சேமிக்காதே என்று சொல்வது போலத் தோன்றினாலும், ‘வைத்துக்கொள், ஆனால் ஒவ்வொரு முறையும் என்னிடம் கேட்டுவிட்டுப் பயன்படுத்து’ என்பதே அதன் பொருள். அவ்வாறு கேட்கப்படும்போது பக்கம் மாறாமலிருந்தால் தளம் 304 என்னும் எண்ணை மட்டும் விடையாக அனுப்பும். முழுப் பக்கமும் மீண்டும் பயணம் செய்யாது. பெயரிட்டவர்கள் ஓர் இலக்கண ஆசிரியரைக் கலந்திருக்கலாம்!

பிறை இரவில் நேர்ந்தது

எங்கள் ஊர் ஜமாஅத்தின் வலைத்தளத்தைக் கவனிக்கும் பொறுப்பு, வேறு யாரும் முன்வராத காரணத்தால், இக்கட்டுரையாளனிடம் வந்து சேர்ந்தது. ஆண்டில் பெரும்பாலான நாட்களில் நாளொன்றுக்கு நூறு பேர் கூட அதனைத் திறப்பதில்லை. ரமளான் பிறையை எதிர்நோக்கும் மாலையில் மட்டும் நிலைமை தலைகீழாகிவிடும். உள்ளூரார், சென்னையில் கடை வைத்திருப்போர், வளைகுடா நாடுகளில் வேலை பார்த்துக்கொண்டே ஊரில் என்ன முடிவு என்று அறிய விரும்புவோர் ஆகிய அனைவரும் மஃரிபுக்குப் பின் அரைமணி நேரத்துக்குள் அதே பக்கத்தைத் திறப்பர். விடை கிடைக்கும் வரை மீண்டும் மீண்டும் திறப்பர். 2022ஆம் ஆண்டு அந்த மாலையில் தளம் முற்றிலும் நின்றுபோயிற்று. பக்கத்துக்குப் பதிலாகப் பிழைச்செய்தி ஒன்றே அனைவருக்கும் கிடைத்தது.

அதன்பின் முன்சேமிப்புப் பற்றிப் படித்து, இலவசச் செருகுநிரல் ஒன்றை நிறுவினேன். பக்கம் மின்னலெனத் திறந்தது. அந்த மகிழ்ச்சியில், இன்னும் விரைவாக்கும் ஆசை எழுந்தது. எங்கோ கண்ட சில வரிகளைப் பொருள் அறியாமல் படியெடுத்துத் தளத்தின் அமைப்புக் கோப்பில் ஒட்டிவிட்டேன். படம், எழுத்துரு மட்டுமன்றிப் பக்கங்களையும் ஒரு நாள் முழுவதும் உலாவியிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லும் கட்டளை அவ்வரிகளில் இருந்தது. மாதக்கணக்கில் அதனால் ஒரு தீங்கும் தெரியவில்லை.

2024ஆம் ஆண்டு ரமளான் பிறை மாலையில் தளம் நிற்கவில்லை. பிறை தென்பட்ட செய்தி வந்ததும் முகப்பின் ஓரச்சட்டத்திலிருந்த அறிவிப்பை மாற்றிவிட்டுத் தராவீஹ் தொழுகைக்குச் சென்றுவிட்டேன். இரவு பதினொரு மணிக்கு உறவினரான பெரியவர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார்.

“தம்பி, நாளைக்கு நோன்பு உண்டா இல்லையா? பிறை எதிர்பார்க்கப்படுதுன்னே உங்க தளத்துல நிக்குதே!”

“பிறை பார்த்தாச்சு மாமா, அறிவிப்பையும் மாத்திட்டேனே!”

“நீங்க மாத்தினது எனக்கு வரலையே, தம்பி. வீட்ல எல்லாரும் படுத்துட்டாங்க.”

நடந்தது இதுதான். அன்று காலையில் ஒருமுறை அப்பக்கத்தைப் பார்த்தவர்களின் தொலைபேசிகளில் காலைப் பதிப்பு ஒரு நாள் ஆயுளுடன் தங்கிவிட்டது. மாலையில் அவர்கள் திறந்தபோது உலாவி எங்களிடம் வந்து கேட்கவேயில்லை. தன் கையிலிருந்ததையே காட்டிற்று. முதன்முறையாக மாலையில் திறந்தவர்களுக்கும் பழைய பக்கமே கிடைத்தது. கட்டுரை ஒன்றைத் திருத்தினால் அச்செருகுநிரல் தன் சேமிப்பைத் தானே அழித்துக்கொள்ளும். ஓரச்சட்டத்தில் செய்த மாற்றம் அதன் கவனத்துக்கு வரவில்லை. தளத்திலிருந்த சேமிப்பை உடனே அழித்தேன். தொலைபேசிகளுக்குள் இருந்ததை எதுவும் செய்ய இயலவில்லை. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் மீண்டும் அறிவிக்கச் செய்தோம். வெளியூரில் இருந்த சிலர் ஸஹர் உணவின்றி நோன்பு நோற்றதாகப் பின்னர்த் தெரியவந்தது. ஒரு வீட்டில் விடிந்த பின்பே செய்தி தெரிந்து, அந்நோன்பைப் பின்னர்க் களாச் செய்தார்களாம். நேற்றைய கஞ்சியை இன்று ஊற்றியது போன்ற பிழை அது. பழி என்னுடையதே.

அமைக்கும் முறை

இவ்வனுபவத்துக்குப் பின், எந்தப் பொத்தானையும் அழுத்துவதற்கு முன்பே ஒரு தாளை எடுத்துக்கொண்டு, தளத்திலுள்ள ஒவ்வொரு வகைப் பக்கத்துக்கும் எதிரே ‘இது எவ்வளவு நேரம் பழசாக இருக்கலாம்?’ என்ற வினாவுக்கு விடை எழுதினேன். ஊர் வரலாறு ஒரு மாதம் பழசாயினும் கேடில்லை. மத்ரஸா விடுமுறைப் பட்டியல் ஒரு மணி நேரம் பொறுக்கும். பிறை அறிவிப்பு ஒரு நிமிடத்துக்கு மேல் பொறாது. சந்தாக் கணக்கும் உதவி கோரும் விண்ணப்பமும் ஒரு நொடிகூடச் சேமிக்கப்படக் கூடாதவை. இத்தாள் தயாரானால் பணியில் பாதி முடிந்தது.

டபிள்யூ.பி. சூப்பர் கேச் என்னும் செருகுநிரலை ஈண்டு எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். 2007 முதல் வழக்கிலிருப்பது, வேர்டுபிரஸ் நிர்வாகப் பகுதியிலேயே பெயரைத் தேடி நிறுவிக்கொள்ளலாம், கட்டணமில்லை. நிறுவிய பின், முதற்பக்கத்திலுள்ள ‘கேச்சிங் ஆன்’ என்பதைத் தெரிவு செய்து சேமித்தாலே அது வேலை செய்யத் தொடங்கிவிடும். அருகிலேயே சோதனைப் பொத்தான் ஒன்றுண்டு. அது பக்கத்தை இருமுறை வரவழைத்து, இரண்டிலும் உள்ள நேரக்குறிப்பு ஒன்றாக இருக்கிறதா என்று ஒப்பிடும். ஒன்றாக இருந்தால் இரண்டாம் முறை வந்தது சேமித்த படி என்று பொருள். ஓலைச்சுவடிப் பதிப்பாசிரியர் இரு படிகளை ஒப்புநோக்குவது போன்ற வேலைதான்.

பிறகு நுணுக்க அமைப்புப் பகுதியில் மூன்றினைக் கவனிக்க வேண்டும். உள்நுழைந்துள்ள பயனருக்குச் சேமித்த பக்கத்தைக் காட்டாதே என்பது முதலாவது. பக்கங்களைச் சுருக்கி அனுப்பு என்பது இரண்டாவது. மேலே சொன்ன தமிழ்ச் சுமைக்கு மருந்து இது. புதிய பதிவு வெளியானாலோ திருத்தப்பட்டாலோ சேமிப்பு முழுவதையும் அழித்துவிடு என்பது மூன்றாவது. பெரிய நாளிதழ்த் தளத்துக்கு இம்மூன்றாவது பொருந்தாது. வாரம் ஒருமுறை செய்தி வெளியிடும் நம் தளங்களுக்கு மிகப் பொருத்தம். இதன் பயனைப் பெறுவதற்காகவே, அறிவிப்பை ஓரச்சட்டத்தில் எழுதும் பழக்கத்தைக் கைவிட்டு, இப்போது தனிப் பதிவாக வெளியிட்டு வருகிறோம்.

பிறை அறிவிப்பு போன்ற பக்கத்தைச் சேமிக்கவே கூடாதென்று சிலர் கருதலாம். அவ்வாறு செய்தால் 2022இன் நிலை திரும்பும். அறுபது நொடி மட்டும் சேமித்தால் போதும். ஒரு நிமிடத்தில் 600 பேர் திறக்கிறார்கள் என்று கொள்வோம். சேமிப்பில்லாதபோது பக்கம் 600 முறை உருவாக்கப்பட வேண்டும். அறுபது நொடிச் சேமிப்பிருந்தால் ஒருமுறை உருவாக்கினால் போதும். எஞ்சிய 599 பேருக்கும் அதே படி. செய்தி அதிகமாகப் போனால் ஒரு நிமிடம் தாமதமாகும். அகப்பை ஒவ்வொரு நிமிடமும் புதிய தேக்சாவிலிருந்து அள்ளுகிறது எனலாம். உலாவிக்கு மட்டும், பக்கத்தை வைத்துக்கொண்டாலும் கேட்டுவிட்டே காட்டு என்ற ஆணையை அனுப்ப வேண்டும்.

படங்களும் எழுத்துருக்களும் இதற்கு நேர்மாறானவை. அவை மாறுவதில்லை. ஓராண்டு ஆயுளே கொடுத்துவிடலாம். மாற்ற நேர்ந்தால் கோப்பின் பெயரை மாற்றினால் உலாவி அதனைப் புதிய பொருளாகக் கருதிப் பெற்றுக்கொள்ளும். தமிழ் எழுத்துருக் கோப்பு பெரியதாகையால் இதில் கிடைக்கும் ஆதாயம் கணிசமானது. பலரும் பயன்படுத்தும் பொது எழுத்துருவைச் சேர்த்தால், வேறு தளத்தைப் பார்த்தபோது உலாவி இறக்கி வைத்த படி நமக்கும் உதவும் என்று முன்பு சொல்வதுண்டு. தனியுரிமைக் காப்புக்காக ஒவ்வொரு தளத்தின் சேமிப்பையும் குரோம் உலாவி 2020 முதல் தனித்தனியே பிரித்து வைப்பதால் அக்கணக்கு இன்று பொருந்தாது.

செருகுநிரலை நிறுவிவிட்டு மறந்துவிடுதலும் ஆகாது. லைட்ஸ்பீட் கேச் என்னும் மற்றொரு இலவசச் செருகுநிரல் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்களில் இயங்குவது, தரமானது. 2024 ஆகஸ்டில் அதில் ஒரு பெரும் ஓட்டை வெளிப்பட்டது. முன்பின் அறியாத ஒருவர் தளத்தின் நிர்வாகியாகவே நுழைந்துவிட அது வழி வைத்திருந்தது. 6.4ஆம் பதிப்பில் அதனை அடைத்தனர். புதுப்பித்தவர்கள் தப்பினர்.

அமானிதம்

சேமிக்கக் கூடாதவற்றைப் பற்றி இன்னும் அழுத்தமாகச் சொல்ல வேண்டியுள்ளது. 2015ஆம் ஆண்டு டிசம்பர் 25 அன்று, கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் என்னும் தளத்தில் தம் கணக்கைத் திறந்தவர்கள் சிலர் வேறொருவரின் கணக்கைக் கண்டு திகைத்தனர். நெரிசலை உண்டாக்கும் தாக்குதல் ஒன்றைச் சமாளிக்க அவசரமாகச் செய்த முன்சேமிப்பு மாற்றத்தில், தனிநபர் பக்கங்களும் பொதுச் சேமிப்பில் விழுந்துவிட்டன. ஏறத்தாழ 34,000 பேரின் விவரம் அடங்கிய பக்கங்கள் பிறருக்குச் சென்றிருக்கக் கூடுமென்று அதனை நடத்தும் வால்வ் நிறுவனமே பின்னர்த் தெரிவித்தது. சிலருடைய முகவரி, வாங்கிய பொருட்களின் பட்டியல், மின்னஞ்சல் ஆகியன அவற்றில் இருந்தன. மிகப் பெரிய நிறுவனத்துக்கே இது நேர்ந்தது.

நம் தளங்களில் என்ன இருக்கப்போகிறது என்று எண்ணலாகாது. மாணவரின் மதிப்பெண் பக்கம் உண்டு. ஜகாத் உதவி கோரி ஒரு குடும்பம் நிரப்பிய விண்ணப்பம் உண்டு. கடன் எவ்வளவு, வீட்டில் நோயாளி யார், மகளின் திருமணம் எப்போது என்பனவெல்லாம் அதில் எழுதப்பட்டிருக்கும். அக்குடும்பத்தார் பார்த்து முடித்த பக்கத்தை அடுத்து வந்த அண்டை வீட்டார்க்கு முன்சேமிப்பு எடுத்து நீட்டிவிட்டால், விரைவு என்று சொல்லித் தப்பிக்க முடியுமா? நம்பி ஒப்படைக்கப்பட்டது அமானிதம். இத்தகைய பக்கங்களின் முகவரிகளைச் செருகுநிரலின் விலக்குப் பட்டியலில் எழுதிவிட்டு, ‘நோ-ஸ்டோர்’ என்ற வரியையும் சேர்க்க வேண்டும். பின்னர் இரு வேறு தொலைபேசிகளில் இரு வேறு பயனராக நுழைந்து பார்த்துக்கொள்ளுதல் நலம்.

இடைவழிச் சேமிப்பு

தொலைவின் குறையைத் தளத்துக்குள்ளேயே தீர்க்க இயலாது. அதற்கு இடைநிலைக் கணினிகள் வேண்டும். 2010ஆம் ஆண்டு சேவையைத் தொடங்கிய கிளவுட்ஃப்ளேர் நிறுவனம் இதனைச் சிறு தளங்களுக்குக் கட்டணமின்றி அளிக்கிறது. உலகில் 300க்கும் மேற்பட்ட நகரங்களில் அதற்குக் கணினிகள் உள்ளன. சென்னையும் அவற்றுள் ஒன்று. தளத்தின் பெயரைப் பதிவு செய்த இடத்தில், பெயர்வழங்கிகள் இரண்டை மாற்றி எழுதினால் இணைப்பு முடிந்தது. அதன்பின் அமெரிக்காவிலுள்ள நம் தளத்தின் படமும் பி.டி.எஃப். நூலும் சென்னையிலிருந்தே வாசகருக்குக் கிடைக்கும். பழைய இசுலாமியத் தமிழ் நூல்களை மின்னுருவாக்கி வைத்திருக்கும் தளங்களுக்கு இது பேருதவி. ஒரு கோப்பு 512 மெகாபைட்டுக்குள் இருத்தல் வேண்டும் என்பதே எல்லை.

இயல்பான அமைப்பில் கிளவுட்ஃப்ளேர் பக்கங்களைச் சேமிப்பதில்லை. படம், எழுத்துரு, பி.டி.எஃப். போன்ற கோப்புகளை மட்டுமே சேமிக்கும். பலர் இதனை அறியாமல், இணைத்த பின்னும் பக்கம் விரைவாகவில்லையே என்று குறை கூறுகின்றனர். பக்கங்களையும் சேமிக்க விதி எழுதலாம். நான் எழுதவில்லை. தனிநபர் பக்கங்கள் உள்ள தளத்தில் இரண்டு இடங்களில் விலக்குப் பட்டியல் வைத்துக் காப்பது என்னால் ஆகாது என்று விட்டுவிட்டேன்.

இலவசம் என்ற சொல்லையும் இங்கே சற்று நிறுத்தி நோக்க வேண்டும். சூப்பர் கேச், வார்னிஷ் போன்றவை கட்டற்றவை. அவற்றின் மூலநிரல் நம் கையில் இருக்கிறது, எவரும் பறிக்க முடியாது. கிளவுட்ஃப்ளேரின் இலவசம் ஒரு வணிக நிறுவனம் தன் விருப்பத்தால் தருவது. நம் தளத்துக்கு வருவோர் அனைவரும் அதன் வாயில் வழியாகவே நுழைகின்றனர். 2025 நவம்பர் 18 அன்று அந்நிறுவனத்தின் உள்ளமைப்பிலேயே பிழை நேர்ந்தபோது, சாட்ஜிபிடி, எக்ஸ் முதலிய பெருந்தளங்களும் பல மணி நேரம் இடர்ப்பட்டன. வாயிலுக்குப் பின்னிருந்த தளங்கள் நலமாகவே இருந்தும் பயனில்லை. இதற்காக அதனை ஒதுக்க வேண்டுமென்று நான் சொல்லவில்லை, நானும் பயன்படுத்துகிறேன். அறிவிப்புக்கு வேறொரு வழியும் கைவசம் இருத்தல் வேண்டும் என்பதற்காகச் சொன்னேன். எங்கள் ஊரில் அது இன்றும் ஒலிபெருக்கியே.

முன்சேமிப்பு வேலை செய்கிறதா என்றறியக் கணினியின் உலாவியில் எஃப்12 விசையை அழுத்தி, ‘நெட்வொர்க்’ என்ற பகுதியைத் திறந்து பக்கத்தை ஏற்றிப் பார்க்கலாம். ஒவ்வொரு கோப்பும் எத்தனை நொடியில் வந்தது, என்ன ஆயுளுடன் வந்தது என்பதை அங்கே காணலாம். கிளவுட்ஃப்ளேர் வழியாக வந்ததாயின் ‘ஹிட்’ என்றோ ‘மிஸ்’ என்றோ ஒரு குறிப்பு இருக்கும். முன்னது சேமிப்பிலிருந்து வந்தது, பின்னது தளத்திலிருந்து வந்தது. எங்கள் தளத்தின் பிறைப் பக்கத்தை இப்போது ஒவ்வோர் ஆண்டும் ரஜப் மாதத்திலேயே இவ்வாறு சோதித்துவிடுகிறோம். ஒரு பொய்யறிவிப்பை வெளியிட்டால் குழப்பம் வருமென்பதால், ‘சோதனை’ என்ற ஒற்றைச் சொல்லைப் பக்கத்தின் அடியில் எழுதி, ஒரு நிமிடத்துக்குள் நால்வர் தொலைபேசியிலும் அது தெரிகிறதா என்று பார்க்கிறோம். அந்நால்வரில் ஒருவர், அன்றிரவு அழைத்த அந்தப் பெரியவர்.